அகத்தின் குரல்: அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல், ஹிப்-ஹாப் இசைகளில் உள்வாழ்வும் அமைதியான எதிர்ப்பும்

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்களின் வரலாற்றைப் பயில விரும்புவோர், அவர்களுடைய இசையைப் புறக்கணித்துவிட்டு அதனைப் பயில இயலாது. அடிமைமுறை நிலவிய காலத்தில், தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவு புகட்டுவது சட்டப்படி குற்றமாக இருந்தது. எழுத்து மறுக்கப்பட்ட அம்மக்கள் தங்கள் நினைவுகளையும் நம்பிக்கையையும் இறையறிவையும் பாட்டிலேயே சேமித்து வைத்தனர். ஆகவே பாட்டு அவர்களுக்கு வரலாற்று நூலாகவும் மறைநூல் விளக்கமாகவும் அமைந்தது.

இவ்விசையைக் குறித்து இறையியல் வகுப்பறைகளில் பேசும்போது நாம் பெரும்பாலும் ஒரே சொல்லைக் கையாளுகிறோம். அது ‘எதிர்ப்பு’ என்னும் சொல். ஒடுக்குவோரை நோக்கி ஒடுக்கப்பட்டோர் எழுப்பிய முழக்கமாகவே இவ்விசையை விளக்குகிறோம். இது உண்மைதான், ஆனால் முழு உண்மை அன்று. பண்டைத் தமிழ் இலக்கண ஆசிரியர் வாழ்வை அகம் என்றும் புறம் என்றும் பகுத்துக் கண்டனர். இப்பகுப்பைக் கடன் வாங்கிச் சொன்னால், கறுப்பின மக்களின் இசையை நாம் புறப்பாட்டாக மட்டுமே கேட்டு வந்திருக்கிறோம். அதன் அகம் நம் செவிக்கு எட்டவில்லை.

ஓர் எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். 1968 அக்டோபர் 16 அன்று, மெக்சிகோ நகரில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளில் 200 மீட்டர் ஓட்டத்தில் முதலிடமும் மூன்றாமிடமும் பெற்ற டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் ஆகிய இரு கறுப்பின வீரர்கள், பரிசளிப்பு மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கரத்தை உயர்த்தி நின்றனர். உலகம் அந்தக் கரங்களைப் பார்த்தது. ஆனால் அதே நேரத்தில் அவர்கள் தலைகுனிந்து நின்றதையும், அது மன்றாடுவோரின் நிலையை ஒத்திருந்ததையும் பலர் கவனிக்கவில்லை. கெவின் குவாஷி என்னும் அறிஞர் 2012இல் வெளியிட்ட ‘அமைதியின் தன்னாட்சி’ என்று பொருள்படும் தலைப்புடைய நூலில் இக்காட்சியிலிருந்தே தம் வாதத்தைத் தொடங்குகிறார். கறுப்பின மக்களை எப்போதும் எதிர்ப்பாளர்களாகவே காண்பது, அவர்களுடைய அச்சம், ஆசை, ஐயம், அன்பு, தனிமை ஆகியவற்றை இல்லாதனவாக ஆக்கிவிடுகிறது என்பது அவர் காட்டும் குறை.

அந்தக் குனிந்த தலையை நினைவில் கொண்டு, சோல், ஹிப்-ஹாப் என்னும் இரு இசை மரபுகளை வரலாற்று முறையில் ஆராய இக்கட்டுரையில் முற்படுகிறோம்.

1. மறைவிடத்தில் பிறந்த பாட்டு

1739இல் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தனர். அதன் விளைவாக 1740இல் இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் முரசு முழக்குவதைத் தடை செய்தது. முரசொலி தொலைவிலுள்ளோரை ஒன்று திரட்டும் என்று ஆட்சியாளர் அஞ்சினர். முரசு பறிக்கப்பட்டபோது கையும் காலும் குரலும் முரசாயின.

அடிமைகளின் வழிபாடும் இவ்வாறே மறைவிடம் தேடியது. பகலில் முதலாளியின் கண்காணிப்பில் நடந்த ஆராதனையில், வேலைக்காரர் எசமானருக்குக் கீழ்ப்படியவேண்டும் என்பதே பெரும்பாலும் செய்தியாக இருந்தது. இரவிலோ அவர்கள் காட்டிலும் பள்ளத்தாக்கிலும் இரகசியமாகக் கூடினர். கூடுமிடத்தில் இரும்புப் பானை ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் அது ஓசையை உள்வாங்கிக்கொள்ளும் என்று நம்பியதாக, முன்னாள் அடிமைகள் பலர் பிற்காலத்தில் சாட்சி கூறியுள்ளனர். இவ்வழிபாட்டு மரபை ஆல்பர்ட் ராபட்டோ 1978இல் வெளியிட்ட அடிமைகளின் சமயம் பற்றிய நூலில் விரிவாக ஆராய்ந்தார்.

கவிழ்த்து வைத்த அந்தப் பானையைப் பற்றி நாம் சற்றே சிந்திக்கவேண்டும். எதிர்ப்பு என்பது எதிரியின் செவியில் விழவேண்டும் என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் இம்மக்களின் முதல் கவலை, தங்கள் பாட்டு முதலாளியின் செவியில் விழக்கூடாது என்பதே. அப்பாட்டு அவனுக்காகப் பாடப்படவில்லை. அவனைப் பற்றியதாகக்கூட அது எப்போதும் இருக்கவில்லை. கடவுளுக்கும் தங்களுக்கும் இடையே, தங்களுக்கும் தங்களுக்கும் இடையே அவர்கள் பாடினர். முதலாளிக்குச் சொந்தமில்லாத ஓரிடம் தங்களுக்குள் உண்டு என்பதை அவர்கள் அங்கே கண்டுகொண்டனர். உடலை விலைக்கு வாங்கியவன் உள்ளத்தை வாங்கவில்லை. அமைதியான எதிர்ப்பின் தொடக்கம் இதுவே.

இப்பாட்டைத் தவறாகக் கேட்டவர்களும் இருந்தனர். அடிமையாய்ப் பிறந்து தப்பியோடி, பின்னர் அடிமை ஒழிப்பு இயக்கத்தின் தலைவர்களுள் ஒருவராய் விளங்கிய ஃபிரெடெரிக் டக்ளஸ் 1845இல் தம் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்டார். அடிமைகள் பாடுவதைக் கேட்ட வெளியார், அவர்கள் மனநிறைவோடு வாழ்கிறார்கள் என்று எண்ணியது எத்தனை பெரிய பிழை என்று அவர் அதில் எடுத்துரைத்தார். துயரம் மிகுந்தபோதே அவர்கள் மிகுதியாகப் பாடினர் என்பது அவர் சாட்சி. இந்த எச்சரிக்கைக்கு நாம் மீண்டும் வருவோம்.

விடுதலைக்குப் பின்னும் இப்பாடல்களின் மறைவுத்தன்மை உடனே நீங்கிவிடவில்லை. 1866இல் நாஷ்வில் நகரில் தொடங்கப்பட்ட ஃபிஸ்க் கல்வி நிறுவனத்தின் மாணவர்கள், தங்கள் பெற்றோரின் அடிமைக்காலப் பாடல்களை முதலில் பொதுவிடங்களில் பாட முன்வரவில்லை. அவை தங்கள் முன்னோருக்குப் புனிதமானவை என்று கருதி, தங்களுக்குள்ளேயே மெல்லப் பாடினர். நிதி திரட்ட 1871இல் புறப்பட்ட ஃபிஸ்க் ஜூபிலி பாடகர் குழு அவற்றை மேடையேற்றியபோதே உலகம் அவற்றைக் கேட்டது. டபிள்யூ. ஈ. பி. டூபாய்ஸ் 1903இல் வெளியிட்ட ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ என்னும் நூலின் இறுதி இயலை இத்துயரப் பாடல்களுக்கே ஒதுக்கினார். நூலின் தலைப்பில் அவர் ‘ஆன்மாக்கள்’ என்னும் சொல்லை வைத்தது தற்செயலன்று. உடலுழைப்புக்காக மட்டும் மதிக்கப்பட்ட மக்களுக்கு ஆன்மா உண்டு என்பதே அவர் நாட்ட விரும்பிய உண்மை.

2. ஹவர்ட் தர்மன் கண்ட உட்கருத்து

இப்பாடல்களுக்கு இறையியல் விளக்கம் தந்தோருள் ஹவர்ட் தர்மன் தனியிடம் பெறுகிறார். அவரை வளர்த்த பாட்டியார் அடிமையாய் இருந்தவர். அடிமைகளிடையே இருந்த போதகர் ஒருவர் ஒவ்வொரு முறையும் பிரசங்கத்தை முடிக்கும்போது, நீங்கள் அடிமைகள் அல்லர், கடவுளின் பிள்ளைகள் என்னும் கருத்தை வலியுறுத்துவார் என்று அப்பாட்டியார் பேரனுக்குச் சொல்லியிருந்தார். அச்செய்தி அவர்களுடைய சங்கிலியை அறுக்கவில்லை. ஆயினும் அதைக் கேட்டவர்கள் நிமிர்ந்து அமர்ந்தனர்.

தர்மனின் வாழ்வில் நம் நாடுகளோடு ஒரு தொடர்பும் உண்டு. இந்தியா, பர்மா, இலங்கை மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தின் அழைப்பின் பேரில், 1935ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அவர் ஒரு நட்புறவுக் குழுவின் தலைவராக இங்கு வந்தார். கொழும்பில் சட்டக் கல்லூரியில் உரையாற்றிய பின், அங்கிருந்த ஒருவர் அவரிடம் கடுமையான கேள்வி ஒன்றை எழுப்பினார். உம் மக்களை அடிமைகளாக விற்றவர்கள் கிறிஸ்தவர்கள். இன்றும் அவர்களைக் கொடுமைப்படுத்துவோர் கிறிஸ்தவர்கள். அவ்வாறிருக்க நீர் அவர்களுடைய சமயத்தின் தூதராக இங்கு வரலாமா என்பது அக்கேள்வியின் சாரம். இக்கேள்விக்கு விடை தேடும் முயற்சியே, 1949இல் வெளிவந்த ‘இயேசுவும் உரிமையற்றோரும்’ என்னும் அவருடைய நூல். 1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியடிகளை அவர் சந்தித்தபோது, இயேசுவின் சிலுவைப்பாட்டைப் பற்றிய கறுப்பின மக்களின் பக்திப் பாடலைப் பாடுமாறு காந்தியடிகள் கேட்டுக்கொண்டார்.

அச்சம், வஞ்சகம், வெறுப்பு ஆகிய மூன்றும் ஒடுக்கப்பட்டோரைப் பின்தொடரும் வேட்டைநாய்கள் போன்றவை என்பது தர்மனின் ஆய்வு. வெளிப்பகைவனை வெல்வதற்கு முன்பே இவை உள்ளத்தைத் தின்றுவிடும். இயேசு தாமே ரோமப் பேரரசின் கீழ் உரிமையற்ற யூத ஏழையாக வாழ்ந்தவர். ஆகையால் அவருடைய போதனை முதற்கண் அத்தகையோரின் உள்ளத்தைக் காப்பதற்கானது என்று தர்மன் கண்டார். கறுப்பின மக்களின் பக்திப் பாடல்களை ஆராய்ந்து 1947இல் ஹார்வர்டில் அவர் ஆற்றிய சொற்பொழிவிலும் இவ்வுள்வாழ்வின் ஆழத்தையே எடுத்துக்காட்டினார்.

3. ஆலயத்திலிருந்து வெளியே வந்த இசை

சோல் இசையின் தாய் காஸ்பல் இசை. காஸ்பல் இசையின் தந்தை எனப் போற்றப்படும் தாமஸ் ஏ. டார்சி, இளமையில் மா ரெய்னி போன்ற புளூஸ் பாடகர்களுக்குப் பியானோ வாசித்தவர். 1932இல் அவருடைய மனைவி பேறுகாலத்தில் மரித்தார். பிறந்த குழந்தையும் மரித்தது. அத்துயரத்திலிருந்து, ஆண்டவர் தம் கையைப் பிடித்து நடத்தவேண்டும் என்று வேண்டும் பாடல் ஒன்று பிறந்தது. அப்பாடலில் அரசியல் ஏதுமில்லை. ஆனால் 1968 ஏப்ரல் 4 அன்று சுடப்படுவதற்குச் சற்று முன்பு, மார்ட்டின் லூதர் கிங் அன்றைய கூட்டத்தில் வாசிக்கும்படி கேட்டுக்கொண்டது அப்பாடலையே. அவருடைய அடக்க ஆராதனையில் மகாலியா ஜாக்சன் அதனைப் பாடினார். மக்களுரிமை இயக்கத்தின் தலைவர் தம் இறுதி நேரத்தில் நாடியது ஒரு தனிமனிதனின் கண்ணீர்ப் பாட்டை என்பது சிந்தனைக்குரியது. போராட்டத்தைத் தாங்கி நிற்க அவருக்கு அத்தகைய பாட்டு தேவைப்பட்டது.

1950களில் ரே சார்ல்ஸ் காஸ்பல் பாடல்களின் மெட்டுகளில் காதற்சொற்களை அமைத்துப் பாடத் தொடங்கினார். சபையார் பலர் இதனைத் தெய்வ நிந்தனை என்றனர். அவர்களுடைய மனவருத்தத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. மறைவிடத்தில் காக்கப்பட்ட புனிதம் சந்தைக்கு வருவதை அவர்கள் கண்டார்கள். ஆயினும் வேறொன்றும் நிகழ்ந்தது. கறுப்பின மனிதனின் அன்றாட அன்பும் ஏக்கமும் ஆலயப் பாட்டின் ஆழத்தோடு பாடத்தக்கவை என்று சோல் இசை அறிவித்தது. ‘சோல்’ என்னும் சொல்லுக்கு ஆன்மா என்பதே பொருள். டூபாய்ஸ் நூலின் தலைப்பில் வைத்த சொல், அரை நூற்றாண்டுக்குப் பின் மக்கள் வாயில் ஓர் இசையின் பெயராயிற்று.

சாம் குக் போதகர் ஒருவரின் மகன். காஸ்பல் குழுவில் புகழ்பெற்றுப் பின் வெளியுலகப் பாடல்களுக்கு வந்தவர். 1963 ஜூனில் அவருடைய சிறு மகன் நீரில் மூழ்கி இறந்தான். அதே ஆண்டு அக்டோபரில் லூசியானா மாநிலம் ஷ்ரீவ்போர்ட்டில், முன்பதிவு செய்திருந்தும் அவருக்கும் அவர் குடும்பத்தாருக்கும் விடுதியில் இடம் மறுக்கப்பட்டது. வாதாடியதற்காக அவர் கைதும் செய்யப்பட்டார். 1964 ஜனவரியில் அவர் பதிவு செய்த, மாற்றம் வரும் என்னும் நம்பிக்கையைக் கூறும் பாடல் இவ்வனுபவங்களின் கனி. அவர் 1964 டிசம்பர் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட பின், அப்பாடல் தனித்தட்டாக வெளியிடப்பட்டது. வானொலிக்கு ஏற்றதாக்கும் பொருட்டு, இனப்பிரிவினையை நேராகச் சுட்டும் சரணம் ஒன்று அதிலிருந்து நீக்கப்பட்டது.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. புறத்தைப் பேசிய சரணம் வெட்டப்பட்ட பின்னும் அப்பாடலின் பொருள் குறையவில்லை. எஞ்சி நின்றவை, வாழ்வதும் கடினம், சாவதும் அச்சம் என்னும் மனிதனின் கலக்கமும், சகோதரனிடம் உதவி கேட்டுத் தள்ளப்பட்ட வேதனையும். மறுமையைக் குறித்த தம் ஐயத்தையும் போதகரின் மகனான குக் மறைக்கவில்லை. மக்களுரிமை இயக்கத்தார் அதனைத் தங்கள் பாடலாக ஏற்றுக்கொண்டனர். தணிக்கைக்குப் புலப்படாத இடத்தில் அப்பாடலின் உயிர் இருந்தது.

4. மூன்று குரல்கள்

சோல் இசையின் சிறப்பை உணர்த்த மூவரைக் குறிப்பிடுகிறோம். மூவருமே சபையின் பிள்ளைகள்.

மார்வின் கே, பெந்தெகொஸ்தே மரபைச் சார்ந்த சிறிய சபை ஒன்றின் போதகருடைய மகன். 1971 மே மாதத்தில் அவர் வெளியிட்ட, என்ன நடக்கிறது என்று கேட்கும் இசைத்தொகுப்பு, வியட்நாம் போர், நகர வறுமை, சுற்றுச்சூழற் கேடு ஆகியவற்றைப் பேசுகிறது. வியட்நாமில் பணியாற்றித் திரும்பிய அவருடைய தம்பியின் அனுபவங்கள் இதற்குத் தூண்டுதலாயின. முன்னர் இதன் முதற்பாடலைத் தனித்தட்டாக வெளியிட மோட்டவுன் நிறுவனத் தலைவர் பெரி கோர்டி தயங்கினார். இத்தொகுப்பில் நாம் கேட்பது சீற்றமன்று; தாழ்ந்த, மென்மையான வினா. ஒலிப்பதிவின்போது அவர் பாடிய இரு வேறு பதிவுகள் தற்செயலாக ஒருசேர ஒலித்தன. அது அவருக்குப் பிடித்துவிட்டது. ஆகவே இத்தொகுப்பில் ஒரே மனிதனின் இரு குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்தும் தேற்றியும் செல்கின்றன. தன் ஆத்துமாவோடு தானே பேசி, ஏன் கலங்குகிறாய் என்று வினவும் சங்கீதக்காரரை (சங்கீதம் 42) இது நமக்கு நினைவூட்டுகிறது. அவர் வாழ்வு துயரமாகவே முடிந்தது. 1984 ஏப்ரல் 1 அன்று தம் தந்தையாலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்.

கர்ட்டிஸ் மேஃபீல்டு சிக்காகோவில் தம் பாட்டியார் போதகராக இருந்த சபையில் பாடி வளர்ந்தவர். 1965இல் அவர் இயற்றிய, வரவிருக்கும் தொடர்வண்டிக்காக மக்களை ஆயத்தப்படுத்தும் பாடல், அடிமைக்காலப் பக்திப் பாடல்களின் உருவகத்தை மீண்டும் எடுத்தாண்டது. அதில் பயணச்சீட்டு வேண்டியதில்லை, நம்பிக்கை போதும் என்பது கருத்து. கிருபையின் இறையியல் அது. அவர் குரல் உரத்த குரலன்று. மேல் சுருதியில் மெல்லிழையாக ஓடுவது. 1990இல் புரூக்ளினில் திறந்தவெளி மேடையில் விளக்குச் சட்டம் அவர்மேல் விழுந்து, கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. அதன் பின்னும் மல்லாந்து படுத்த நிலையில், மூச்சு இடம் கொடுத்த அளவுக்கு ஒவ்வோர் அடியாகப் பாடி, 1996இல் ஓர் இசைத்தொகுப்பை நிறைவு செய்தார். 1999இல் மறைந்தார். செயலிழந்த உடலிலிருந்து அடியடியாக எழுந்த அப்பாட்டினும் மேலான விளக்கம் அமைதியான எதிர்ப்புக்கு வேண்டியதில்லை.

அரேத்தா பிராங்க்ளின், டெட்ராய்ட் நகரின் நியூ பெத்தேல் பாப்திஸ்து சபையின் புகழ்பெற்ற போதகர் சி. எல். பிராங்க்ளினின் மகள். ஓட்டிஸ் ரெடிங் 1965இல் ஓர் ஆடவனின் கோரிக்கையாகப் பாடிய, மதிப்பை வேண்டும் பாடலை, 1967இல் அரேத்தா ஒரு பெண்ணின் கோரிக்கையாக மாற்றிப் பாடினார். இல்லத்துக்குள் கேட்கப்பட்ட மதிப்பு, ஓர் இனத்தார் நாட்டினிடம் கேட்கும் மதிப்பாகவும் பெண்கள் உலகினிடம் கேட்கும் மதிப்பாகவும் விரிந்தது. புகழின் உச்சியில் இருந்தபோது, 1972 ஜனவரியில் அவர் லாஸ் ஏஞ்சல்சில் ஒரு பாப்திஸ்து ஆலயத்துக்குச் சென்று, ஜேம்ஸ் கிளீவ்லண்டின் பாடகர் குழுவோடு இரு இரவுகள் காஸ்பல் பாடல்களைப் பாடினார். அப்போது எடுக்கப்பட்ட படம் அவர் மறைந்த 2018ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதில் அரேத்தா பாடல்களுக்கிடையே ஏறத்தாழ ஒன்றுமே பேசுவதில்லை. கண்களை மூடிப் பாடுகிறார். பியானோவில் இருந்த கிளீவ்லண்ட் அழுகையை அடக்கமாட்டாமல் முகத்தை மூடிக்கொள்கிறார். கூடியிருந்தோரின் பார்வைக்காக அன்றி, அவர்களோடு சேர்ந்து மன்றாடுவதற்காகவே அவர் பாடினார். கவிழ்த்து வைத்த பானையின் அடியில் பாடிய முன்னோரின் வழிபாடு, ஒலிவாங்கிகளின் நடுவிலும் தொடர்ந்தது.

5. ஹிப்-ஹாப்: இரைச்சலின் உள்ளே இருக்கும் மௌனம்

நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியின் குறுக்கே 1948 முதல் 1972 வரை அமைக்கப்பட்ட விரைவுச்சாலை, ஆயிரக்கணக்கான குடும்பங்களை இடம்பெயரச் செய்தது. வேலைகள் மறைந்தன, குடியிருப்புகள் தீக்கிரையாயின. அப்பகுதியில் 1973 ஆகஸ்டு 11 அன்று, செட்ஜ்விக் அவென்யூவில் 1520ஆம் எண் கட்டடத்தில் ஒரு பெண் தன் பள்ளித் திறப்பை முன்னிட்டு விருந்து வைத்தாள். ஜமைக்காவிலிருந்து வந்த அவள் அண்ணன் கூல் ஹெர்க் அங்கே இசைத்தட்டுகளைச் சுழற்றினான். பாடலில் தாளம் மட்டும் ஒலிக்கும் பகுதியை, இரு தட்டுகளைக் கொண்டு நீட்டி ஒலிக்கச் செய்யும் அவனுடைய முறையிலிருந்து ஹிப்-ஹாப் வளர்ந்தது. 1982இல் வெளிவந்த ‘செய்தி’ என்னும் பொருளுடைய பாடல் சேரி வாழ்வின் கொடுமையை நாட்டின் முன் வைத்தது.

இவ்விசையை ஆராய்ந்த டிரீஷா ரோஸ் 1994இல் எழுதிய நூலுக்குக் ‘கறுப்பு இரைச்சல்’ என்று பெயரிட்டார். வெளியார் செவிக்கு இது இரைச்சலே. ஆனால் இதன் செய்முறையைக் கவனித்தால், இது நினைவின் கலை என்பது புலப்படும். பழைய சோல் பாடல்களின் துண்டுகளை எடுத்துப் புதிய பாடலுக்கு அடித்தளமாக வைப்பது இதன் வழக்கம். இசைக்கருவி வாங்க வசதியற்ற இளைஞர்கள், பெற்றோரின் இசைத்தட்டுகளைக் கருவியாக்கினர். தந்தையரின் குரல் மேல் பிள்ளைகள் தங்கள் குரலை வைத்தனர். 1995இல் அமெரிக்காவில் பெரும் வெற்றி பெற்ற கூலியோவின் பாடல், ஸ்டீவி வொண்டர் 1976இல் பாடியதொன்றின் மேல் கட்டப்பட்டது. அது 23ஆம் சங்கீதத்தின் மரண இருளின் பள்ளத்தாக்கோடு தொடங்குகிறது. ஆனால் அங்கே மேய்ப்பரைக் காணோம். பள்ளத்தாக்கில் தனியே நடப்பவனின் சங்கீதம் அது. நம் சபைகளின் இளைஞருள் எத்தனை பேர் அச்சங்கீதத்தை அவ்வாறு உணர்கிறார்கள் என்பதை ஆயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

பீட் ராக், சி. எல். ஸ்மூத் ஆகிய இருவரும் இறந்த தோழனின் நினைவாக 1992இல் வெளியிட்ட பாடலில், தாயும் மாமன்மாரும் உடன்பிறந்தாரும் நினைவுகூரப்படுகின்றனர். அது தாளத்தில் அமைந்த வம்ச வரலாறு. லாரின் ஹில் 1998இல் வெளியிட்ட இசைத்தொகுப்பின் தலைப்பு, கார்ட்டர் உட்சனின் 1933ஆம் ஆண்டு நூலின் தலைப்பை ஒட்டி அமைந்தது. பாடகி என்னும் வருங்காலத்தை எண்ணிக் கருவைச் சுமக்கவேண்டாம் என்று பிறர் ஆலோசனை கூறியபோது, மகனைப் பெற்றெடுக்கத் தாம் முடிவு செய்ததை அதில் ஒரு பாடலில் அவர் பாடுகிறார். ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புக்கான கிராமி விருது 1999இல் அதற்கு வழங்கப்பட்டது. ஹிப்-ஹாப் தொகுப்பு ஒன்று அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை.

கென்ட்ரிக் லமார் கலிஃபோர்னியாவின் காம்ப்டன் நகரில் வளர்ந்தவர். 2012இல் வெளிவந்த அவருடைய தொகுப்பு, பாவியின் மன்றாட்டோடு தொடங்குகிறது. நண்பனைக் கொன்றோரைப் பழிவாங்கத் துடிக்கும் இளைஞர்களை ஒரு மூதாட்டி வழிமறித்து, நீங்கள் தாகத்தால் சாகிறீர்கள் என்று உணர்த்தி, மன்றாடச் செய்யும் காட்சி அதில் உண்டு. யாக்கோபின் கிணற்றருகே நடந்த உரையாடலை (யோவான் 4) அறிந்தோர்க்கு இதன் பொருள் விளங்கும். 2015இல் வெளிவந்த தொகுப்பில், விடுதி அறையில் தனியே இருந்து தன்னைத் தானே குற்றஞ்சாட்டிக் கதறும் பாடல் ஒன்று உண்டு. அதே தொகுப்பில், எல்லாம் நலமாகும் என்று தேற்றும் பாடலும் உண்டு. 2015 ஜூலையில் கிளீவ்லண்ட் நகரில் காவலரை எதிர்கொண்ட மக்கள் பாடியது இவ்விரண்டாம் பாடலை. முதற்பாடலை எவரும் தெருவில் பாடவில்லை, பாடவும் முடியாது. ஆனால் முதற்பாடலின் ஆழத்தில் இறங்கியவரே இரண்டாவதைப் பொய்யின்றிப் பாட முடிந்தது. 2018இல் இசைக்கான புலிட்சர் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது; செவ்வியல், ஜாஸ் இசைகளுக்கு வெளியே அப்பரிசைப் பெற்ற முதல்வர் அவரே.

சோல் மரபில் வந்த சொலாஞ்ச் 2016இல் வெளியிட்ட தொகுப்பு, மேசையில் ஓர் இருக்கை என்னும் பொருளுடைய தலைப்பைக் கொண்டது. அவர் எங்கும் குரலை உயர்த்தவில்லை. துயரத்தை மறக்கக் குடித்தும், உழைத்தும், பயணம் செய்தும், தனித்திருந்தும் பார்த்ததாக ஒரு பாடலில் அடுக்கிச் சொல்கிறார், ஒன்றும் பயன்படவில்லை. பாடல்களுக்கிடையே அவருடைய தாயும் தந்தையும் தங்கள் வாழ்வைப் பேச்சுநடையில் கூறுகின்றனர். களைப்பைக் களைப்பு என்று ஒப்புக்கொள்வதே இங்கு எதிர்ப்பாகிறது. ஏனெனில் கறுப்பினப் பெண் எதையும் தாங்குவாள் என்னும் புகழ்ச்சியும் அவள் தோளில் ஏற்றப்பட்ட ஒரு சுமையே.

6. இறையியல் நோக்கு

கறுப்பின இறையியலின் முன்னோடியான ஜேம்ஸ் கோன் 1972இல் வெளியிட்ட நூலில், பக்திப் பாடல்களையும் புளூஸ் பாடல்களையும் இணைத்து ஆராய்ந்தார். புளூஸ் பாடல்கள் ஆலயத்துக்கு வெளியே பாடப்பட்ட பக்திப் பாடல்களே என்பது அவர் முடிவு. யாத்திராகமத்தின் கடவுள் ஒடுக்கப்பட்டோரின் பக்கம் நிற்கிறார் என்னும் அவருடைய அடிப்படைக் கொள்கை நாம் என்றும் கைவிடத்தகாதது. ஆயினும் கறுப்பினப் பெண் இறையியலாளரான டெலோரஸ் வில்லியம்ஸ், 1993இல் வெளியிட்ட நூலில் வேறொரு கேள்வியை எழுப்பினார். ஆதியாகமம் 16இல் வனாந்தரத்துக்கு ஓடிய ஆகாரைக் கடவுள் விடுதலை செய்யவில்லை. திரும்பிப் போகச் சொல்கிறார். பின்னர் 21ஆம் அதிகாரத்தில் துரத்தப்பட்டபோது, நீருற்றைக் காணும்படி அவள் கண்களைத் திறக்கிறார். விடுதலை வாராத காலத்திலும் பிழைத்திருக்கவும் மாண்போடு வாழவும் வழிகாட்டும் கடவுள் அவர் என்பது வில்லியம்ஸின் விளக்கம். தன்னைக் காண்கின்ற கடவுள் என்று அடிமைப்பெண் ஒருத்தி அவருக்குப் பெயரிட்டாள் என்பதையும் நாம் மறக்கலாகாது.

மோசேயின் பாட்டையும் ஆகாரின் அழுகையையும் ஒருசேரக் கேட்கும் செவி வேண்டும். கடவுளின் சாயலில் படைக்கப்பட்ட மனிதர் எவரும் தாம் பட்ட துன்பங்களின் தொகை அல்லர்; தாம் நடத்திய போராட்டங்களின் தொகையும் அல்லர். ஒடுக்கப்பட்டவரை எதிர்ப்பாளர் என்று மட்டுமே போற்றுவோர், தம்மையறியாமல், ஒடுக்குவோனை அவருடைய வாழ்வின் மையத்தில் அமர்த்திவிடுகின்றனர். அவருக்கும் கடவுளுக்கும் இடையேயுள்ள உறவில் ஒடுக்குவோனுக்கு இடமில்லாத ஓர் அறை உண்டு. அதனைக் காப்பதே இவ்விசையின் மறைவான பணி.

மூன்று எச்சரிக்கைகளும் தேவை. முதலாவது, டக்ளஸ் கூறியது: அமைதியை மனநிறைவு என்று எண்ணுவது ஒடுக்குவோரின் பழைய பிழை. இரண்டாவது, உள்வாழ்வு நீதிக்கு மாற்றாகாது. உள்ளத்தில் விடுதலை பெற்றிருக்கிறீர்கள், அது போதும் என்று சொல்லும் பிரசங்கம், எசமானரின் பிரசங்கத்தினின்று வேறுபட்டதன்று. மூன்றாவது, இவ்விசையை நாம் மாசற்றதாகக் கொண்டாடவேண்டியதில்லை. பெண்களை இழிவுபடுத்தும் சொற்களும் வன்முறைப் பெருமையும் ஹிப்-ஹாப்பில் மிகுதி; வணிக நிறுவனங்கள் அவற்றை விற்றுப் பெரும்பொருள் ஈட்டின. ஆனால் கோதுமையோடு களை வளர்ந்திருப்பதால் வயலையே எரித்துவிடும்படி ஆண்டவர் நமக்குக் கற்பிக்கவில்லை.

முடிவுரை

சீலோவிலிருந்த ஆலயத்தில் அன்னாள் மன்றாடியபோது அவளுடைய உதடுகள் அசைந்தன; குரல் கேட்கவில்லை. ஆசாரியனாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் என்று எண்ணினான் (1 சாமுவேல் 1). அவன் தீயவன் அல்லன். பழக்கப்பட்ட ஓசையை எதிர்பார்த்தவன். ஆலயத்தில் பணிசெய்வோர்க்கு நேரக்கூடிய பிழை இது. கறுப்பின மக்களின் இசையை ஒரு காலத்தில் மனநிறைவு என்று கேட்டனர். பிறகு தெய்வ நிந்தனை என்று கேட்டனர். பிறகு இரைச்சல் என்று கேட்டனர். இறையியலாளராகிய நாமோ முழக்கம் என்று மட்டும் கேட்டோம். ஒவ்வொரு முறையும் உதடுகளின் அசைவைக் கண்டோம், மன்றாட்டைக் கேட்கவில்லை.

ஆனால் ஏலி தன் கணிப்பை மாற்றிக்கொண்டான். அன்னாள் தன் உள்ளத்தின் வேதனையை எடுத்துச் சொன்னபோது, அவளைச் சமாதானத்தோடு அனுப்பி வைத்தான். பின்னாளில் அவள் வாயிலிருந்து புறப்பட்ட பாட்டோ, வலியோரின் வில்லை முறித்து எளியோரைக் குப்பையிலிருந்து உயர்த்தும் கடவுளைப் பற்றியது. ஓசையற்ற மன்றாட்டிலிருந்தே அந்தப் புரட்சிப் பாட்டு பிறந்தது. ஆகவே திருப்பணிக்கு ஆயத்தமாகும் நாம், துன்புறும் மக்களுக்காகப் பேசக் கற்பதற்கு முன், அவர்கள் நமக்காக அன்றித் தங்களுக்காகவும் கடவுளுக்காகவும் பாடுவதைப் பொறுமையோடு கேட்கக் கற்போமாக.